சீசன் முடிந்த பிறகு பார்த்த படங்கள்

ஜூன் 8, 2025

கொடைக்கானலில் டூரிஸ்ட் சீசன் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. லாட்ஜ் துணி துவைக்கிற எங்கள் லாண்டரியில் இன்றைக்கு மதியமே வேலை முடிந்தது, ஏப்ரல் மே மாதத்தில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அண்ணன் மகன் பாலிடெக்னிக் லீவுக்குக் கீழேயிருந்து வந்திருக்கிறான், லேப்டாப் நிறையப் படம். எல்லாமே உலகம் கெட்டுப்போன பிறகு மிச்சம் இருக்கிறவர்கள் எப்படி உயிர் பிழைக்கிறார்கள் என்கிற வகை. வெளியே மேகம் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை, சரி போடு என்றேன்.

முதலில் போட்டது 2019-ல் வந்த ஸ்பானிஷ் படம், 'தி பிளாட்ஃபார்ம்'. கிணறு மாதிரி நெட்டுக்குத்தான ஒரு சிறை. அடுக்குக்கு இரண்டு பேர். நடுவில் பெரிய ஓட்டை, அது வழியாக ஒரு பலகை நிறையச் சாப்பாடு மேலேயிருந்து இறங்கி ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்ச நேரம் நிற்கும். மேலே இருப்பவன் தின்று மிச்சம் வைத்ததுதான் கீழே இருப்பவனுக்கு. ரொம்பக் கீழே போனால் வெறும் பாத்திரம். மாதம் ஒருமுறை மயக்க வாயு விட்டு எல்லோரையும் இடம் மாற்றிவிடுவார்கள், கண் விழிக்கும்போதுதான் எந்த அடுக்கு என்று தெரியும்.

ரத்தம், வெட்டு, குத்து எல்லாம் நிறைய இருக்கிறது, பாதிக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மனசில் நின்றது மேலே இருக்கிற அந்தச் சமையலறைதான். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் பிடித்த பதார்த்தம் என்ன என்று கேட்டு எழுதி வைத்து, அதையே தினமும் செய்து அனுப்புகிறார்கள். பன்னகோட்டா என்கிற ஒரு இனிப்பில் முடி ஒன்று கிடந்ததற்காகத் தலைமைச் சமையல்காரர் தன் ஆட்களை நிற்க வைத்துக் கத்துகிறார். எங்களுக்கும் தலையணை உறையில் ஒரு முடி இருந்தால் போதும், ஃபிரன்ட் ஆபீசிலிருந்து போன் வந்துவிடும், அன்றைக்கு மடித்த எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த அளவு கவனம் இருக்கிறவர்கள்தான் அங்கேயும் சமைக்கிறார்கள். அப்படிச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு அடுக்குக்கு இரண்டு தட்டு என்று பிரித்து அனுப்பத் தெரியாதா? படம் முழுக்க இந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

அதில் இமோகிரி என்று ஒரு பெண், பல வருஷம் அந்தச் சிறை நிர்வாகத்தில் வேலை பார்த்துவிட்டு, தானாகவே உள்ளே வந்தவள். அவரவர் பங்கை மட்டும் தின்றால் கடைசி அடுக்கு வரை சாப்பாடு போய்ச் சேரும் என்று கீழே இருக்கிறவர்களிடம் தினமும் கெஞ்சுகிறாள். ஒருத்தரும் கேட்பதில்லை. சாப்பாட்டில் மலம் கழித்துவிடுவேன் என்று கதாநாயகன் மிரட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். "பாத்தியா அத்தை, மனுஷ புத்தியே இப்படித்தான்" என்றான் பையன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு எந்த அடுக்கில் தூக்கிப் போடுவார்கள் என்று தெரியாத பயத்தில் ஒருத்தனை வைத்துவிட்டு, அவன் அள்ளி அள்ளித் தின்றால் அது அவன் குணம் என்று சொல்வது அநியாயம். மொத்தம் 200 அடுக்கு என்றுதான் அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள், இவ்வளவுக்கும் அங்கேயே வேலை பார்த்தவள். அடுத்த மாதம் அவர்களைப் போட்ட இடம் 202.

ஜூன் 11

இன்றைக்குக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். தெருவே குடத்தோடு நின்றது.

இந்த ஊரில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மழை பெய்கிற மலை இது. சீசனில் லாட்ஜுகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் ஏறும், எங்கள் லாண்டரி மெஷின் ஒரு நாள்கூட நின்றதில்லை, அந்த மெஷினை ஓட்டுகிற பெண்கள் வீட்டுக்குப் போய் ராத்திரி பத்து மணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். பணம் கொடுக்கிற இடத்துக்குத் தண்ணீர் மேடேறிப் போகிறது, கொடுக்க முடியாத தெருவுக்கு முறை வைத்து வருகிறது. இதற்குப் பெயர் பற்றாக்குறை என்றால் அந்தச் சிறைப் படத்தின் பலகையில் இருந்ததும் பற்றாக்குறைதான்.

ஜூன் 15

'ஸ்னோபியர்சர்'. போங் ஜூன்-ஹோ 2013-ல் எடுத்தது, ஒரு பிரெஞ்சு சித்திரக்கதையிலிருந்து. பூமி சூடாவதைக் குறைக்க வானத்தில் ஒரு ரசாயனத்தைத் தெளிக்கிறார்கள், அது அளவு மீறி உலகமே உறைந்துவிடுகிறது. உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் நிற்காமல் ஓடுகிற ஒரு ரயிலுக்குள். முன்பெட்டிகளில் தோட்டம், மீன்தொட்டி, சலூன், பள்ளிக்கூடம். வால்பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள், அவர்களுக்குத் தினமும் கருப்பாக ஜெல்லி மாதிரி ஒரு கட்டி. அது எதிலிருந்து செய்கிறார்கள் என்று காட்டும்போது பையனே தட்டைக் கீழே வைத்துவிட்டான். கரப்பான்பூச்சி.

வால்பெட்டிக்காரர்கள் பெட்டி பெட்டியாகச் சண்டை போட்டு முன்னால் போவதுதான் கதை. சண்டைக் காட்சிகள் நன்றாக எடுத்திருக்கிறார், அதைப் பற்றி ஊர் உலகம் எல்லாம் எழுதியாகிவிட்டது. எனக்கு எழுத வேண்டியது எஞ்சின் அறையைப் பற்றி. எஞ்சினுக்குள் தேய்ந்துபோன ஒரு பாகத்துக்கு மாற்று கிடைக்கவில்லை, அதனால் அந்த இடத்தில் வால்பெட்டியிலிருந்து பிடித்து வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்துக்குள் அந்த அளவு உடம்புதான் நுழையும். தரையில் ஒரு பலகையைத் தூக்கினால் டிம்மி என்கிற சின்னப்பையன் உள்ளே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் எதையோ அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான். கூப்பிட்டால் நிமிர்வதில்லை. படம் ஆரம்பிக்கும்போது ஒரு அதிகாரி அம்மா நாடாவை வைத்துப் பிள்ளைகளின் உயரத்தை அளந்து கூட்டிக்கொண்டு போனது எதற்கு என்று அங்கேதான் புரிகிறது. அதற்குப் பிறகு என்னால் முன்பெட்டியில் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தை வெறும் பணக்காரக் கூட்டமாகப் பார்க்க முடியவில்லை. அவர்கள் காலுக்குக் கீழே அந்தப் பலகை இருக்கிறது.

ரயிலின் முதலாளி வில்ஃபோர்ட் அடிக்கடி சொல்லும் வார்த்தை சமநிலை. மீன்தொட்டியில் மீன் கூடக் கூடாது, அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை சுஷி. வால்பெட்டியில் ஆள் கூடக் கூடாது, அதனால் அவ்வப்போது ஒரு கலகம் நடக்கவிட்டுக் கொல்வது. கலகத்தையே மேலே இருப்பவன் திட்டம் போட்டு நடத்தியிருக்கிறான் என்கிற இடம் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 16

நேற்றுப் பார்த்தது இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. அழிவு வந்தால் ஏழை பணக்காரன் பார்க்காது என்று சொல்வார்கள் இல்லையா, எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய் ஐந்து வருஷம் ஆகப்போகிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மண் சரிந்தது. 70 உயிர். நான்கு பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அநேகமாக எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்த குடும்பங்கள். கரண்டும் போனும் இல்லாததால் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் கோழிக்கோட்டில் விமான விபத்து. கேரள அரசு விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம் என்று அறிவித்தது. அங்கேயே பெரிய சண்டையாகிப் போன விஷயம் அது.

விமானத்தில் இறந்தவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அவர்களில் பலர் கொரோனா காலத்தில் வளைகுடாவில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள். ஆனால் மலை எந்த நேரத்தில் சரியும் என்று முடிவு செய்வது மழை. அந்தச் சரிவுக்குக் கீழே யார் படுத்திருப்பது என்பதை லயம் கட்டியவர்கள் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார்கள். பங்களா இருக்கிற இடத்தையும் லயம் இருக்கிற இடத்தையும் எந்தத் தோட்டத்தில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

ஜூன் 21

பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் இன்றைக்குப் படம் பார்க்க வந்தார். எங்கள் ஊரில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி நடத்திய தெர்மாமீட்டர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 2001-ல் மூடினார்களே, அதேதான். மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டையாகக் கிடந்தது வெளியே வந்த பிறகுதான் மூடினார்கள். 2003-ல் கிட்டத்தட்ட 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குப் போனது. வேலை பார்த்தவர்கள் 591 பேருக்குக் கம்பெனியோடு உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். இடையில் 15 வருஷம், அதில் எத்தனை பேர் கிட்னி, நரம்பு என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும்.

படம் 'எலிசியம்', நீல் புளோம்காம்ப் 2013-ல் எடுத்தது. 2154-ஆம் வருஷம். பணக்காரர்கள் வானத்தில் சக்கரம் மாதிரி ஒரு நிலையத்தில் புல்வெளியும் நீச்சல் குளமுமாக இருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு எந்த நோயையும் நொடியில் தீர்க்கிற கட்டில். மற்றவர்கள் பூமியில். மேக்ஸ் என்கிற தொழிலாளி போலீஸ் ரோபோ செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் கையை உடைத்ததும் அதே ரோபோதான். கதிர்வீச்சு அறையின் கதவு சிக்கிக்கொள்கிறது, உள்ளே போய் எடுத்துவிடு, இல்லை என்றால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்கிறான் சூப்பர்வைசர். போகிறான். கதவு மூடிவிடுகிறது. ஐந்து நாளில் செத்துப்போவாய் என்று ஒரு ரோபோ சொல்லி, மாத்திரைப் புட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறது. முதலாளி வந்து கேட்பது, இவன் தோல் உரிந்து விழுமா, படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியிருக்குமா என்றுதான்.

சித்தப்பா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "கையெழுத்து வாங்குறதெல்லாம் சரியாத்தான் காட்டியிருக்கான்" என்றார். பாதரசம் தரையில் சிந்தினால் முத்து முத்தாக உருண்டு ஓடும், வெறும் கையால் கூட்டி அள்ளுவார்களாம், அது என்ன செய்யும் என்று யாரும் சொன்னதில்லை. அழகாக இருக்கும் என்றார். அப்புறம் போடச் சொன்னார்.

முடிவில் கம்ப்யூட்டரில் ஒரு மாற்றம் செய்து பூமியில் இருக்கிற எல்லோரையும் எலிசியம் குடிமக்கள் ஆக்கிவிடுகிறார்கள், உடனே மேலேயிருந்து மருத்துவக் கப்பல்கள் கிளம்பி வருகின்றன. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பா மட்டும் கேட்டார்: "இந்தக் கப்பல் எல்லாம் நேத்து வரைக்கும் எங்கப்பா நின்னுச்சு?"

முடிவு அவசரமாக முடிக்கப்பட்டது என்று இந்தப் படத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு, ஒரே பொத்தானில் உலகம் மாறுமா என்று. நான் அப்படிப் பார்க்கவில்லை. கப்பல் தயாராக, எரிபொருளோடு, கட்டிலோடு நின்றிருக்கிறது. ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் மட்டும் அது கிளம்பவில்லை. இந்த வகைப் படங்களில் இதைவிட நேரடியாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூமிக் காட்சிகளை மெக்சிகோ நகரத்துக் குப்பைமேட்டுப் பக்கமும், எலிசியம் காட்சிகளைக் கனடாவின் வான்கூவரிலும் எடுத்தார்களாம். 2154 என்று எழுத்துப் போட்டுக் காட்டுகிற அந்தப் புழுதியில் இன்றைக்கு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

ஜூன் 28

லாண்டரியில் கூட வேலை பார்க்கிற இரண்டு அக்காக்களை வீட்டுக்குக் கூப்பிட்டு 'தி ஹங்கர் கேம்ஸ்' போட்டோம். 2012-ல் வந்தது, நாவல் 2008. தமிழ் டப்பிங் கிடைக்கவில்லை, பையன் இடையிடையே நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். 12 மாவட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு பையன் ஒரு பொண்ணைக் குலுக்கலில் எடுத்து, 24 பேரையும் ஒருத்தரை ஒருத்தர் கொல்ல விட்டு டிவியில் காட்டுவார்கள்.

அக்காக்களுக்குக் காட்டுச் சண்டை பெரிதாகப் படவில்லை. குலுக்கல் சீட்டுக் கணக்கில் பிடித்துக்கொண்டார்கள். 12 வயதில் ஒரு சீட்டு, வருஷத்துக்கு ஒன்று கூடி 18 வயதில் ஏழு. வீட்டில் அரிசி இல்லாதவன் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம், பதிலுக்கு அவன் பெயரில் இன்னொரு சீட்டு விழும், போட்ட சீட்டு வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். கேல் என்கிற பையனுக்கு 18 வயது, அவன் பெயர் 42 தடவை. வசதியான வீட்டில் அதே வயதுப் பையனுக்கு ஏழு. கிண்ணம் ஒன்றுதான், கையை விட்டு எடுப்பவளும் ஒருத்திதான், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதி என்று மைக்கில் சொல்லலாம், அதில் பொய்யும் இருக்காது.

"டபுள் ஷிப்ட் மாதிரிதான்" என்றார் பெரிய அக்கா. சீசனில் டபுள் ஷிப்ட் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, விருப்பம் இருந்தால் பேர் கொடுக்கலாம். பேர் கொடுப்பது எப்போதும் அதே ஆட்கள்தான், பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டியவர்கள், வட்டி கட்ட வேண்டியவர்கள். பதினாறு மணி நேரம் நின்ற பிறகு இஸ்திரி ரோலரில் கை மாட்டுவதும் அவர்களுக்குத்தான். போன வருஷம் மாட்டிய அக்காவின் இரண்டு விரல் இன்னும் மடங்காது. கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

படத்தில் ரூ என்கிற சின்னப்பெண் செத்த பிறகு கதாநாயகி மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவாள், ரூவின் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கும். 2014-ல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஜனங்கள் இதே மூன்று விரலைத் தெருவில் நின்று காட்டினார்கள், 2021-ல் மியான்மரிலும். தாய்லாந்தில் அப்படிக் கை தூக்கியதற்காகவே ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பையன் போனில் அந்தப் போட்டோக்களைக் காட்டினான், சின்ன அக்கா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாம் நம்ம வயசுப் பிள்ளைகளாக இருக்கிறார்களே என்றார்.

இரண்டாம் பாகமும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஷிப்டில் இருக்கிற இரண்டு பேர் வர முடியாது, அதனால் திங்கள் சாயங்காலம் வைத்திருக்கிறோம். சித்தப்பாவும் வருகிறார்.