மூன்றரைப் பேர் நாயும் ஒரு பக்கக் கவ்வாத்தும்

நாய்க் கண்காட்சிக்கு முதல்நாள் ஹட்டனுக்குப் போய் நாய் ஷாம்பூ வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். இஸ்தோப்பில் ஒரு உரச்சாக்கு இருந்தது. சாக்கு நிறைய முடி. பக்கத்தில் பாரி நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்த மாமா, அத்தையின் தையல் கத்தரிக்கோலைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள, வேல முடிஞ்சிருச்சு" என்றார்.

என்ன வேலை என்று சொல்வதற்கு முன்னால் நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2022. ஊரே எதற்காவது வரிசையில் நின்ற வருடம். நாங்கள் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் நின்றோம். கொழும்பில் இருந்த நண்பர் பாஸ்போட்டுக்கு நின்றார். அவருக்குக் கனடா கிடைத்தது, எனக்கு அவருடைய மூன்று மாத சென் பெர்னாட் குட்டி கிடைத்தது. "கொழும்பு வெயில இது தாங்காது மச்சான், ஒங்க ஊரு குளிருக்குத்தான் சரி" என்றார். பேலியகொடைச் சந்தைக்கு லீக்ஸும் கரட்டும் இறக்கிவிட்டுத் தலவாக்கலைக்குத் திரும்பிய லொறியில், வெறும் கூடைகளுக்கு நடுவில் வந்து இறங்கியது குட்டி. இரண்டு வாரம் அதன்மேல் லீக்ஸ் வாசம் போகவில்லை.

அம்மா பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். "குட்டிக்கே இவ்வளவு பெரிய காலா? என்னாடா இது, கரடியா?"

பெயர் வைக்கும்போது கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள கணவாயில் ஒரு மடம். பனியில் வழி தவறியவர்களைத் தேடிப் பிடிக்க அங்கிருந்த துறவிகள் வளர்த்த நாய்கள் இவை. அதில் ஒன்று 1800இல் பிறந்து நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாம். 1814இல் செத்த பிறகும் விடவில்லை, பாடம் பண்ணி பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பாரி. தமிழ் வாத்தியார் ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பறம்புமலைக்கு ஒரு பாரி, ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு பாரி, எங்கள் மலைக்கும் ஒன்று இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். அவன் முல்லைக்குத் தேர் கொடுத்தான். இவன் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் முடி கொடுக்கிறான்.

வகுப்பிலும் பெருமையாகச் சொன்னேன். அந்தக் கணவாய் 2,469 மீற்றர், நம்ம பீதுருதாலகால 2,524 மீற்றர், நாமதான் 55 மீற்றர் உசரம் என்று. கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, "அப்ப நம்ம பாரி ஏன் சேர் இன்னும் ஒருத்தரையும் காப்பாத்தல?" என்றான். அந்தப் பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

மாமாவுக்கு அந்த வரலாற்றில் ஒரே ஒரு விஷயம்தான் பிடித்திருந்தது. கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாய். அது ஓவியக்காரர் ஒருவர் கிளப்பிவிட்ட கதை, மடத்து நாய்கள் அப்படி ஒன்றும் சுமக்கவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். "படத்துல இருக்குல்ல" என்றார். ஒரு சம்பள நாளில் சின்னப் பிளாஸ்டிக் கேனைக் கழுத்தில் கட்டி, தவறணைப் பக்கம் பாரியை ஓட்டிக்கொண்டு போயும் பார்த்தார். மனுசர் நல்லவர். முப்பத்திரண்டு வருடம் கவ்வாத்து வெட்டிய கை, தேயிலைச் செடியை மட்டமாக நறுக்கிவிடுகிற வேலை அது. இந்தக் கடைசித் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் வளர்ந்தது. வளர்ந்தது என்றால், சனிக்கிழமை பூட்டிய கழுத்துப் பட்டி அடுத்த சனிக்கிழமை பூட்ட மாட்டாது. எடை பார்க்க வழியில்லை, வீட்டுத் தராசில் ஒரு கால்தான் நின்றது. கடைசியில் கொழுந்து மடுவத்துக்குக் கூட்டிப்போய், படங்கை மடித்துத் தொட்டில் கட்டி, கொழுந்து நிறுக்கிற தராசில் தொங்கவிட்டோம். 66 கிலோ. நிறுத்தவர் பழக்க தோசத்தில் தண்ணிக்கு இரண்டு கிலோ கழித்து 64 என்று சத்தமாகச் சொன்னார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் பாரி மிரண்டு போனான். "நாயிக்குமா கழிக்கிறீங்க!" என்று ஒரு அக்கா கேட்டே விட்டார். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். ஆக, மூன்றரைப் பேர் நாய். லயத்தில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

சோறும் கோழிக் கழுத்தும் அம்மா தனிச் சட்டியில் ஆக்குவார். நாய்க்கு வெங்காயம் ஆகாது என்று சொன்ன நாளிலிருந்து, சட்டிக்குப் பக்கத்தில் வெங்காயம் வெட்டுகிறவர்களுக்கே ஏச்சு விழும். சாப்பாட்டுச் செலவைக் கணக்குப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஆனால் முடி! பாரியின் முடியைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த இனத்தில் குட்டைமுடி, நீளமுடி என்று இரண்டு வகை உண்டு. முதலில் இருந்தது குட்டைமுடிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூபவுண்ட்லாந்து நாயோடு கலந்தபோது நீளமுடிக் குட்டிகள் பிறந்தன. அந்த முடியில் பனிக்கட்டி கோத்துக்கொண்டு நடக்க விடவில்லை என்பதால், துறவிகள் அவற்றை அடிவாரத்து ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பனிமலையே வேண்டாம் என்று தள்ளிய முடியை நான் தென்மேற்குப் பருவ மழையில் வளர்க்கிறேன். அங்கே பனிக்கட்டி கோத்தது, இங்கே அட்டை. ஒரு நடைக்குப் போய்வந்தால் அக்குளில் மூன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, வாலில் தேயிலை விதை, வயிற்றில் அரை றாத்தல் சேறு. சீப்புப் போட்டுத் தேடுவதற்குள் அட்டைகள் குடித்து முடித்து விழுந்து, கால் விரலுக்குள் மிதிபடும். குளிப்பாட்டினால் காய்வதற்கு ஒன்றரை நாள். அடுப்படியில் கிடந்து காய்ந்தால் கருவாட்டு வாசம். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். தன் பழைய படங்கை வெட்டி, கொழுந்தெடுக்கப் போகிறவர் இடுப்பில் கட்டுவதுபோல் பாரியின் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார். தூரத்தில் பார்த்தால் யாரோ குனிந்து கொழுந்து எடுப்பது மாதிரி இருக்கும்.

கண்காட்சி ஆசையை மூட்டியவர் கண்டியில் நாய் வளர்க்கும் ஒருவர். சுற்றுலா வந்த இடத்தில் பாரியைப் பார்த்து வானை நிறுத்தினார். "பேப்பர் இருக்கா?" என்றார். இருந்தது, நண்பர் கொடுத்தனுப்பியிருந்தார். மூன்று தலைமுறை, அப்பன் பேர், பாட்டன் பேர், பூட்டன் பேர், எல்லாம் முத்திரையோடு. 1948இல் அப்பன் பிறந்ததற்கும் பாட்டன் பிறந்ததற்கும் காகிதம் இல்லையென்றுதான் எங்கள் தாத்தாவை நாடற்றவராக்கினார்கள். அந்த வீட்டில் நாய்க்கு மட்டும் பூட்டன் வரைக்கும் காகிதம். அம்மா அதை லெமினேட் பண்ணி எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன். விண்ணப்பத்தில் "நீளமுடி" என்று நிரப்பி அனுப்பினேன். மூன்று மாதம் பாடசாலை மைதானத்தில் பயிற்சி. நாய் எப்போதும் கையாளுகிறவரின் இடது பக்கம், வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், ஜட்ஜ் நடுவில் நிற்பார். ஆண் நாய் என்றால் பல்லைப் பார்ப்பார், பிறகு பின்னால் போய் வேறொன்றையும் எண்ணிப் பார்ப்பார். பிள்ளைகள் முறை வைத்து ஜட்ஜாக நின்றார்கள். பல்லைப் பார்க்க மட்டும்தான் அனுமதி கொடுத்தேன். பாரியின் எச்சில் படாத சீருடை எட்டாம் வகுப்பில் ஒன்றுகூட இல்லை.

இனி, அந்தச் சாயந்தரம். ஹட்டனுக்குப் புறப்படும்போது மாமாவிடம், "பாதத்துல மட்டும் விரல் எடையில இருக்கிற முடிய லேசா வெட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். தப்பு என்னுடையதுதான். 'வெட்டி விடுங்க' என்பதை மாமா எந்தக் காதால் கேட்பார் என்று யோசிக்கவில்லை.

"அக்குள்ள ஒரு அட்டையப் பாத்தேன் மாப்பிள்ள. அதப் புடுங்க வெட்டுனேன். வெட்டுன எடம் பள்ளமாத் தெரிஞ்சுச்சு. மட்டம் பண்ணணும்ல?"

மட்டம் பண்ணியிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கழுத்திலிருந்து தொடை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். வலது பக்கம் முழுக்க.

"மாமா, இடது பக்கம்?"

அதில் ஒரு முடிகூடக் குறையவில்லை. அலை அலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா கத்தரிக்கோலை உறையில் போட்டார். "கவ்வாத்துல ஒரு பக்கக் கெளைய வெட்டாம விடுவோம். அப்பதான் மரம் மூச்சு வுடும்."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "பொய்யி தம்பி. நாயி இடது பக்கமாப் படுத்திருச்சு. பொரட்டப் பாத்தாரு, முடியல."

போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் வான் பேசியாயிற்று, எட்டாம் வகுப்பு முழுக்க வருகிறது, அம்மா புதுச் சேலை எடுத்து வைத்துவிட்டார். இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. நாய் என் இடது பக்கம் வரும், வட்டம் இடஞ்சுழி, ஜட்ஜ் நடுவில். அப்படியென்றால் ஜட்ஜ் பார்க்கப்போவது பாரியின் இடது பக்கத்தை மட்டும்தான். தெய்வம் அவனைச் சரியான பக்கம் படுக்க வைத்திருக்கிறது!

அது உண்மைதான் என்பது ரிங்குக்குள் போனதும் தெரிந்தது. எங்கள் இனத்தில் வேறு நாயே வரவில்லை. நானும் பாரியும்தான். முதல் சுற்று அழகாகப் போனது. இடது பக்க முடி காற்றில் அலைந்தது, வெளிநாட்டு ஜட்ஜ் தலையை மெல்ல ஆட்டினார். பிரச்சினை என்னவென்றால், அந்தப் பக்கம் கயிற்றுக்கு வெளியே நின்ற சனம் வலது பக்கத்தைப் பார்த்தது. நாங்கள் போகப் போகச் சிரிப்பும் கூடவே வந்தது. தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று பாரி வாலை வேறு ஆட்டினான்.

நிறுத்தி வைத்துப் பல் பார்த்தார். சரி. கையால் தோளை, முதுகைத் தடவினார். அந்தக் கை முதுகெலும்பைத் தாண்டி வலது பக்கம் இறங்கியது. நின்றது. எட்டிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார். மறுபடி அந்தப் பக்கம் போனார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து, முகத்தை ரொம்பவும் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார், இதை நீளமுடியில் சேர்ப்பதா, குட்டைமுடியில் சேர்ப்பதா என்று.

நான் வாயைத் திறக்குமுன் கயிற்றுக்கு வெளியே இருந்து பதில் வந்துவிட்டது. "நாந்தாங்க வெட்டுனேன்! கவ்வாத்து!" மாமா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் நின்ற உதவியாளர் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. தேயிலைச் செடி, நாலைந்து வருடத்துக்கு ஒரு தரம், ஒரு பக்கக் கிளை, மூச்சு என்று எல்லாவற்றையும் சொன்னார். ஜட்ஜ் முழுசாகக் கேட்டார். அப்புறம்தான் தோள் குலுங்க ஆரம்பித்தது. பரிசு எதுவும் தரவில்லை. நாயின் எலும்பும் தலையும் நடையும் நன்றாக இருப்பதாகச் சொல்லி, முடி வளர்ந்ததும் கொண்டுவரச் சொன்னார். கடைசியாக, வெட்டியவரின் கை ரொம்ப நேர்த்தி என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மாமா வானில் தலவாக்கலை வரும் வரைக்கும் ஏழு தரம் மொழிபெயர்க்கச் சொன்னார்.

அந்த உரச்சாக்கு முடியை அம்மா தலையணையாகத் தைத்துவிட்டார். மழை நாளில் அது நாய் வாசம் அடிக்கிறது. வலது பக்கம் மெல்ல வளர்கிறது. மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, தளிர் பார்ப்பதுபோல் விரலால் அளந்து, "இன்னம் மட்டம் வரல" என்கிறார். அவர் படியேறும் சத்தம் கேட்டால் பாரி எழுந்துவிடுகிறான். சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்வரை படுக்கவே மாட்டான்.