எந்த குரூப் சார்?

என் கதாநாயகனுக்கு வயது 412. பார்ப்பதற்கு இருபத்தேழு மாதிரி இருப்பான். கறுப்பு நீளக் கோட்டு, சாம்பல் நிறக் கண், காதோரம் வந்து பேசும் குரல். கோபம் வந்தால் கண் சிவக்கும். காதல் வந்தாலும் அதே மாதிரிதான் சிவக்கும். இப்போது வந்திருப்பது எது என்று கண்டுபிடிப்பதற்குள் நாயகிக்கு அரை உயிர் போய்விடும். இணையத்தில் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆன்டி ஹீரோ கதை, அதாவது வில்லத்தனம் செய்யும் நாயகன் கதை, அதிலும் ரத்தக் காட்டேரி ஆன்டி ஹீரோ. வாரம் மூன்று யூடி, அதாவது புது அத்தியாயம், போடுகிறேன். ஒரு நாள் தள்ளிப்போனாலும் “சிஸ், எங்கள் ஆளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டு நாற்பது பேர் வந்துவிடுவார்கள்.

வேலையெல்லாம் முடிந்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் நான் எழுத முடியும். எழுதுவது என்றால் எழுதுவதில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடியே போனில் சொல்லுவேன், அது தட்டச்சு செய்துகொள்ளும். எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸப் பெட்டி ஒன்று எப்போதும் மேலே இருக்கும். அதில் துண்டு துண்டாகப் போட்டு வைத்துக் காலையில் எடுத்துக் கோத்துக்கொள்வது வழக்கம். போன் கேட்பதற்கும் நான் சொல்வதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்தான். ஒருமுறை “அவன் கோரைப் பல் அவள் கழுத்தில் இறங்கியது” என்று சொன்னேன். “கோரைப் பாய் அவள் கழுத்தில் இறங்கியது” என்று போட்டிருந்தது. அதைக் கவனிக்காமல் அப்படியே பதிவேற்றியும் விட்டேன். பாய் எப்படி இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை. “ஐயோ செம சீன் சிஸ்” என்றுதான் வந்தது. காட்டேரிக் கதை வாசகர்கள் பெரிய மனசுக்காரர்கள்.

அன்று பன்னிரண்டாம் அத்தியாயம். நாயகன் முதல்முறையாகத் தன் மனதைத் திறக்கும் இடம். உணர்ச்சி பொங்க, கண்ணை மூடிக்கொண்டு, அவன் குரலிலேயே மூன்று துண்டு சொல்லி அனுப்பினேன்.

“உன் ரத்தம் எனக்கு வேண்டும். இன்றிரவே.”

“எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறேன் தெரியுமா?”

“வாசலில்தான் நிற்கிறேன். உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல், போதும்.”

நான்காவது துண்டுக்கு மூச்சு இழுக்கும்போது போன் அதிர்ந்தது. எனக்கு நானே அனுப்பியதற்குப் பதில் வருகிறதே என்ற யோசனையே முதுகைச் சில்லிட வைத்தது. பதில் இதுதான்:

“எந்த குரூப் சார்?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் பெட்டிக்கு நேர் கீழே, இரண்டு வருடம் முன்பு உறவினர் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நான் சேர்ந்த ரத்த தானக் குழு இருந்தது. சேர்ந்ததோடு சரி, அதன் பிறகு எட்டிப் பார்த்ததில்லை. இருட்டில் என் விரல் ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

அடுத்தடுத்து வர ஆரம்பித்தது. “எத்தனை யூனிட்?” “பேஷன்ட் பேரு, கூட இருக்கறவங்க நம்பர் போடுங்க.” “இவ்ளோ நேரம் காக்க வெச்சுட்டாங்களா? பாவம்.” “எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறீங்க? நான் ஏ பாசிட்டிவ், பத்து நிமிஷத்துல வந்துடுவேன்.” இன்னொருவர் ஒரே வார்த்தை போட்டிருந்தார்: “உள்ள வாங்க.” அவர் எந்த அர்த்தத்தில் போட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதுதான் காட்டேரிக் கதைகளின் பழைய கட்டுப்பாடு. கதையில் அந்த ஒரு வார்த்தைக்காக என் நாயகன் பன்னிரண்டு அத்தியாயம் அலைகிறான். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் முப்பது நொடியில் சொல்லிவிட்டார்.

அழிக்கலாம் என்று பார்த்தால் கை நடுக்கத்தில் “எனக்கு மட்டும் அழி” என்பதை அழுத்தித் தொலைத்தேன். இப்போது என் போனில் அந்தச் செய்திகள் இல்லை, மற்ற எல்லோர் போனிலும் இருக்கின்றன. அதற்குள் அழைப்பே வந்துவிட்டது. “மேடம், வண்டி எடுத்துட்டேன், எந்தப் பக்கம் வரணும்?” பின்னால் வண்டி உறுமும் சத்தம் வேறு. நடுராத்திரியில் தூக்கத்தை விட்டுவிட்டு, யார் எவர் என்று தெரியாத ஒருவருக்கு ரத்தம் கொடுக்கப் புறப்பட்டுவிட்ட மனிதரிடம், “அது காட்டேரிங்க, கதையில வருது” என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் உறுமல் மட்டும் கேட்டது. அப்புறம், “சரிங்க மேடம், ஜாக்கிரதை” என்று வைத்துவிட்டார். பக்கத்தில் படுத்திருந்தவர் புரண்டு, “யாருக்கு ரத்தம்?” என்றார். “யாருக்கும் இல்லை, தூங்குங்க” என்றேன். அந்த நேரத்தில் கேட்க அது நிம்மதியான பதில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

குழுவில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். அட்மின் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது. “இது ரத்தம் குடுக்கறவங்க குரூப்மா. குடிக்கறவங்க குரூப் இல்ல.”

அட்மின் அம்மா ஒரு ரத்த வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவரே போன் செய்தபோது திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். “கதையோட லிங்க் அனுப்பு” என்றார். அனுப்பினேன். பன்னிரண்டு அத்தியாயத்தையும் ஒரே நாளில் படித்துவிட்டு மாலையில் மறுபடி கூப்பிட்டார். என் எழுத்து வாழ்க்கையில் அதுபோல ஒரு விமர்சனத்தை நான் சந்தித்ததில்லை.

“அந்தப் பொண்ணை மூணாவது அத்தியாயத்துல கடிக்கறான், அஞ்சுல கடிக்கறான், ஆறுல, எட்டுல. எத்தனை நாளைக்குள்ள?”

“இரண்டு வாரம் இருக்கும்மா.”

“ஒரு தடவை ரத்தம் குடுத்தா மூணு நாலு மாசம் இடைவெளி விடணும். நாங்க எடுக்கறதே 350 மில்லி, மிஞ்சினா 450. இவன் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு எடுக்கறான்?”

“கடைசிச் சொட்டு வரைக்கும்னு எழுதியிருக்கேன்.”

“பெரியவங்க உடம்புல இருக்கறது சுமார் அஞ்சு லிட்டர். ரெண்டு லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. அது கிடக்கட்டும், அஞ்சு லிட்டரை அவன் எங்க கொண்டுபோய் வைப்பான்? வயித்துல ஒண்ணு, ஒண்ணரை லிட்டர் பிடிச்சாலே பெரிசு. கோட்டு பட்டன் தெறிச்சுடும்.”

நான் அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டேன். முதல் அத்தியாயத்தில் ஒரு முழுப் பத்தி அதற்காக ஒதுக்கியிருந்தேன்.

“வௌவால் குடிக்கலையா?” என்று விடாமல் கேட்டுவிட்டு, அன்று ராத்திரி எழுதாமல் வௌவாலைத் தேடிப் படித்தேன். தேடியிருக்கவே கூடாது. ரத்தம் குடிக்கும் வௌவாலில் மூன்றே இனம்தான், எல்லாம் லத்தீன் அமெரிக்காவில். அதில் நாம் அதிகம் கேள்விப்படுவது முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு ரத்தம், அதுவே அதன் எடையில் பாதிக்கு மேல். பல்லைப் பதித்து உறிஞ்சுவதெல்லாம் கிடையாது. சின்னதாக ஒரு கீறல் போட்டுப் பூனை பால் குடிப்பதுபோல நக்கும். ரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலில் ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டிராகுலின். இதுவரை பரவாயில்லை, கதையில் சேர்க்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டே வந்தேன். அடுத்த வரியில் இடி. குடித்த கனத்தோடு பறக்க முடியாது என்பதால், குடிக்க ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே அது சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிடுமாம். குடித்துக்கொண்டே. சாம்பல் கண், நிலா வெளிச்சம், அவள் கழுத்தில் அவன் மூச்சு. சட்டென்று நிமிர்ந்து, “பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்கிறான். குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

அட்மின் அம்மாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. “செத்து நானூறு வருஷம் ஆன உடம்புங்கற. அப்புறம் எப்படி மல்லிகை வாசம் அடிக்குது?”

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் காட்டேரியைக் கண்டதாகச் சொன்ன கிராமத்து மக்கள் மல்லிகை வாசத்தைப் பற்றிப் பேசவில்லை. 1725இல் செர்பியாவில் ஒரு கிராமத்தில், இறந்து பத்து வாரம் ஆன ஒரு விவசாயியைத் தோண்டி எடுத்தார்கள். உடல் அவ்வளவாகக் கெடாமல், வாயோரம் ரத்தத்தோடு இருந்ததாம். ஊரே கூடி நெஞ்சில் கழி இறக்கியது. அழுகும் உடலுக்குள் வாயு சேர்ந்து வயிறு உப்பும், வாய் வழியே ரத்தம்போல வெளியே வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு யார் சொல்வது? ஆக, அசல் காட்டேரி உப்பிய வயிற்று விவசாயி. கோட்டுப் போட்ட பிரபு வந்தது 1819இல், பாலிடோரி எழுதிய கதையில். அவர் ஆங்கிலக் கவிஞர் பைரனின் சொந்த மருத்துவர். தன் முதலாளியின் திமிரையும் அழகையும் மனதில் வைத்துத்தான் அந்தப் பிரபுவை எழுதினார் என்பார்கள். கொடுமை என்னவென்றால் கதை முதலில் அச்சானது பைரன் பெயரில். ஒரு டாக்டர் எழுதியும் வயிற்றுக் கொள்ளளவு கணக்கில் வரவில்லையே என்று அட்மின் அம்மாவிடம் சொன்னேன். “டாக்டர்ங்க எழுதறது என்னைக்குப் புரிஞ்சிருக்கு” என்றார்.

“சரி, வெயில் பட்டா ஏன் எரிஞ்சு போறான்?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான், சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெயில் அவனைக் கொல்லும் என்று காட்டியது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் ஊமைப் படம். ஸ்டோக்கரின் நாவலை அனுமதி வாங்காமல் எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவர் மனைவி சும்மா விடவில்லை. வழக்குப் போட்டு, படத்தின் பிரதிகளை அழிக்கவே உத்தரவு வாங்கினார். என் கதையை பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடும் புண்ணியவான்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

இவ்வளவும் பேசி முடித்ததும், “அது சரி, நீ எப்ப குடுத்த கடைசியா?” என்றார். நான் குடுத்ததே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை முகாமுக்கு வரச் சொன்னார். போனேன். வாசலில் ஒருவர் என்னைக் கண்டதும் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். குரலை வைத்துப் பார்த்தால் அந்த ஏ பாசிட்டிவ்காரர்தான்.

மனதளவில் பெரிய தயாரிப்போடு போயிருந்தேன். ஊசி, பை, சிவப்புக் குழாய், எல்லாவற்றையும் நேரில் பார்த்து அடுத்த அத்தியாயத்தில் பிழிந்துவிட வேண்டும் என்று. ஆனால் முதலில் விரல் நுனியில் ஒரு குத்து. வந்த துளியை ஒரு குட்டிக் குடுவையிலிருந்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் விட்டார்கள். பளிச்சென்ற நீல நிறம், அதில் ஒரு சிவப்புத் துளி. எழுதக் கொடுத்து வைத்த காட்சி. துளி மூழ்கினால் ரத்தத்தில் இரும்புச் சத்துள்ள ஹீமோகுளோபின் போதும், எடுப்பார்கள். மிதந்தால் அது குறைவு, எடுக்க மாட்டார்கள். நானும் அட்மின் அம்மாவும் குனிந்து பார்த்தோம்.

மிதந்தது. அசையாமல், சொகுசாக மிதந்தது.

“இன்னொரு தடவை பாருங்களேன்” என்று கெஞ்சினேன். இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார்கள். அதுவும் மிதந்தது.

“மாத்திரை எழுதி வாங்கிக்கோ. மூணு மாசம் கழிச்சு வா” என்றார் அட்மின் அம்மா. எழுந்தேன். நானூறு வருடமாக ரத்தவெறி பிடித்து அலைகிறவனைப் பற்றி ஒன்றரை லட்சம் வார்த்தை எழுதியவளின் ரத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏ பாசிட்டிவ்காரர் படுத்தபடியே பந்தை அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றிரவு விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, எந்தப் பெட்டி என்று மூன்று தடவை சரிபார்த்துவிட்டுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தைச் சொன்னேன். நாயகன் ஜன்னல் வழியாக வருகிறான். கண் சிவந்திருக்கிறது. நாயகி கண்ணை மூடிக் கழுத்தைச் சாய்க்கிறாள். அவன் அவள் கையைப் பிடித்து, விரல் நுனியில் பல்லால் லேசாக ஒரு குத்து. கோட்டுப் பையிலிருந்து நீலக் குடுவையை எடுத்து ஒரு துளி விடுகிறான். துளி மிதக்கிறது. நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, “மூன்று மாதம் உன்னைத் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகவே போய்விடுகிறான்.

இதுவரை எந்த அத்தியாயத்துக்கும் அத்தனை வரவேற்பு வந்ததில்லை. “எவ்ளோ கேரிங்!” “அழுதுட்டேன் சிஸ்.” “எங்க வீட்ல இருபது வருஷத்துல ஒரு தடவை கேட்டிருப்பாரா உனக்கு ரத்தம் இருக்கா இல்லையான்னு?” என்று ஒரு சகோதரி எழுத, அதற்குக் கீழே மட்டும் முப்பது பேர் வரிசையாக வந்து அழுதிருந்தார்கள்.

கடைசியில் அட்மின் அம்மாவும் வந்திருந்தார். “நல்லா இருக்கு. ஆனா குத்தின விரல்ல பஞ்சு வெச்சு அழுத்திப் பிடிக்கச் சொன்னானா? அதை எழுதலையே.”