இடது பக்கத்துப் பாசி

பிப்ரவரி 11, ஞாயிறு

பெரம்பூரிலிருந்து கொளத்தூர் பக்கத்தில்தான். ஆனால் அங்கே வளர்ப்பு மீன் கடைத் தெருவுக்குள் நுழைந்தால் அரை நாள் போய்விடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. கணக்குப் போட்டால் 56 லிட்டர். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஒரு கட்டு அம்புலியா என்று நீர்ச்செடிகள், எட்டு கப்பி மீன். செடிக்குக் கரியமில வாயு கொடுக்கும் சிஓடூ சிலிண்டரெல்லாம் வேண்டாம் என்று முன்பே முடிவு.

லைட் எத்தனை மணி நேரம் எரியலாம் என்று மூன்று கடையில் கேட்டேன். ஒருவர் ஆறு என்றார், ஒருவர் எட்டு. மூன்றாமவர், "செடி நல்லா வரணும்னா பன்னெண்டு போடுங்க சார்" என்றார். அவரிடம்தான் பாசி சுரண்டும் பிரஷும் நிறைய இருந்தது.

ஆறு மணி நேரத்தில் ஆரம்பிக்கிறேன். புதுச் செடி வேர் பிடிக்கும் வரை வெளிச்சத்தை அதிகம் பயன்படுத்தாது. மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். பல் பல்லாக இருக்கும் டைமர் ஒன்று வாங்கினேன். சுற்றிலும் 96 பல், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். அழுத்திய பல்லின் நேரத்துக்கு லைட் எரியும். மாலை 5 முதல் 11 வரை அழுத்தி வைத்திருக்கிறேன். ஆபீஸ் விட்டு வரும்போது ஏழாகிவிடும், நான் பார்க்க வேண்டாமா?

தொட்டியை ஹாலின் கிழக்குச் சுவரோடு, வடக்கு ஜன்னல் பக்கத்து மூலையில் வைத்தாயிற்று. வடக்கு ஜன்னல், வெயில் வராது.

பிப்ரவரி 25

கண்ணாடியெல்லாம் பழுப்புத் தூசி. "தண்ணி அழுக்காயிடுச்சு, கொட்டிடு" என்கிறாள் அம்மா. புதுத் தொட்டியில் இது வருவதுதான். டயாட்டம் என்ற நுண்பாசி, சில வாரத்தில் தானாகப் போய்விடும். துடைத்துவிட்டேன். லைட் நேரத்தில் கை வைக்கவில்லை.

மார்ச் 17

பழுப்பு போயேவிட்டது. அம்புலியா தண்ணீர் மட்டத்தைத் தொடுகிறது. ஏழு மணி நேரமாக்கி, 11.15-க்கு ஒரு பல், 11.30-க்கு ஒரு பல் என்று ஒவ்வொன்றாக அழுத்தி, பன்னிரண்டு மணி வரை கொண்டுவந்தேன்.

ஒரு வேடிக்கை. பத்தரை மணிக்கே அம்புலியாவின் நுனியெல்லாம் குவிந்துகொள்கிறது, சாயங்காலம் தூங்குமூஞ்சி மரம் இலை மூடுவது போல. லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே! இன்றைய வெளிச்சம் போதும் என்று அதுவே சொல்கிறது என எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எரிவது எனக்காகத்தான்.

ஏப்ரல் 28

கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், கடுகளவு. துணிக்கு வரவில்லை, பழைய பிளேடால் சுரண்ட வேண்டியிருந்தது. அனுபியாஸ் இலையிலும் ஒட்டியிருக்கிறது. அதன் இலை மெதுவாக வளர்ந்து மாதக்கணக்கில் நிற்பதால் பாசிக்கு வசதி. வெளிச்சம் அதிகமென்றால் இந்தப் புள்ளி வரும் என்பது தெரியும். மறுபடி ஆறு மணி நேரம்.

மே 10

குறைத்தும் கூடுகிறது. எரிச்சல்.

முதல் சந்தேகம் டைமர் மேல். பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. கரன்ட் போனால் அதுவும் நின்று, வந்தால் நின்ற இடத்திலிருந்து ஓடும். நம் ஊர் மே மாதத்துக்கு ஏற்ற பொருள்தான்! ஆனால் நேரம் தள்ளிப்போனதே தவிர மொத்தம் ஆறு மணிதான். பாசிக்கு இது காரணமில்லை.

இரண்டாவது சந்தேகம் அம்மா மேல். மீன் இருட்டில் இருக்கிறதே என்று பகலில் ஸ்விட்சைப் போடுகிறாளோ?

"நான் எதுக்குடா அதைத் தொடப் போறேன்? நீதான் ஃப்ரிட்ஜைவிட அதை ஜாக்கிரதையா பாத்துக்கறியே."

நம்பவில்லை. ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு ரசம் மட்டும்தான்.

பச்சைப் புள்ளியெல்லாம் தொட்டியின் இடது பாதியில்தான் இருக்கிறது. வலது பக்கம் சுத்தம்.

மே 16

காய்ச்சல், லீவு. நாலரைக்குக் கரன்ட் போயிற்று. ஃபேன் நின்று வியர்வையில் எழுந்து பார்த்தால் தொட்டி ஜொலிக்கிறது. லைட் இல்லை, ஃபில்டர்கூட ஓடவில்லை. ஜன்னல் வழியாக ஒரு பட்டை வெயில் சாய்ந்து விழுந்து இடது பக்கம் ஓரடிக்கு நிற்கிறது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு வரை உட்கார்ந்து பார்த்தேன்.

இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை என்றால், வாரநாள் அந்த நேரம் நான் ஆபீஸில், ஞாயிறு கொளத்தூரில். அம்மா நான்கு மணிக்கு மாடியில் வடாம் எடுக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிவிட்டு ஆறுக்குத்தான் இறங்குவாள்.

மே 17

நேற்று படுத்தபடி யோசித்தேன். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல், அதுதான் நிழலில்லா நாள். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி அந்த நாள் வரும் வரை நடுப்பகலிலேயே சூரியன் நமக்கு வடக்கே. மாலையில் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி இறங்குகிறது. பிப்ரவரியில் பார்த்துவிட்டு வெயில் வராது என்றவன் நான்.

லைட்டின் ஆறு மணியோடு ஒன்றரை மணி கூட்டினால் ஏழரைதானே என்று தோன்றும். அப்படி இல்லை. நேர் வெயிலின் வலு வேறு, என் லைட்டின் வலு வேறு. மணிக்கணக்கு மட்டும் பார்த்தது பாதிக் கணக்கு. அதிலும் சிஓடூ கொடுக்காத தொட்டி. செடி அந்த வெளிச்சத்துக்கு ஈடு கொடுக்காது.

அப்பாவின் பழைய வேட்டியை நான்காக மடித்து ஜன்னலில் கட்டினேன். ஸ்விட்சிலிருந்து டேப்பைப் பிய்த்ததை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூன் 9

சுரண்டிய கண்ணாடியில் புதுப் புள்ளி இல்லை. அனுபியாஸில் இரண்டு புது இலை, சுத்தமாக. மோசமான பழைய இலைகளை வெட்டிவிட்டேன். பாசி தின்னும் நெரைட் நத்தை இரண்டு வாங்கி விட்டேன். நன்றாக மேய்கிறது, ஆனால் தொட்டிக்குள் இருக்கும் மரக்கட்டையெல்லாம் எள் ஒட்டினதுபோல் வெள்ளை முட்டை.

காலையில் அம்மா கேட்டாள்: "நாளெல்லாம் வீட்டுல இருக்கறது நான். லைட் எரியறது நீ வந்தப்புறம். எனக்கு எப்படா மீன் தெரியும்?"

நேரத்தை இரண்டாகப் பிரிக்கலாமா? நடுவில் அணைத்தால் பாசி குறையும் என்பார்கள் சிலர். அதை நான் பெரிதாக நம்பவில்லை. செடிக்கு மொத்தம் சரியாக இருந்தால் சரி. பகல் 11 முதல் 2 வரை, பிறகு மாலை 7 முதல் 10.30 வரை: பன்னிரண்டு பல்லும் பதினான்கு பல்லும், ஆறரை மணி நேரம். அம்புலியா குவியும் நேரத்துக்கு லைட்டும் போய்விடும்.

பல்லை எல்லாம் அம்மாவையே அழுத்தச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணி அழுத்தினாள். ஒன்று அதிகமாகிவிட்டது, ரெண்டேகால் வரை எரியும். பார்த்தேன், விட்டுவிட்டேன்.