25 நாளும் ஒரே கேள்வி: பசித்ததா?

கால்வலிக்குத்தான் அந்த ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆனால் முதல் நாள் அரை மணி நேரமும் டாக்டரம்மா என் வயிற்றைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்குப் பசிக்கும், பசித்ததும் சாப்பிடுவேனா அல்லது மணி அடித்ததும் சாப்பிடுவேனா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் வரை ஏப்பத்தில் சாப்பாட்டு வாசனை வரும், காலையில் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் எம்.ஆர்.ஐ. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

இடுப்பருகே முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் எல்4-எல்5 தட்டு பிதுங்கி, இடது கால் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. நின்றே பாடம் நடத்தும் வேலை. ஏற்கெனவே நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவரிடம் காட்டியிருந்தேன். பாதத்தில் பலம் குறையவில்லை, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதனால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம், இந்த இரண்டில் எது மாறினாலும் அன்றே ஓடி வாருங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த உத்தரவாதம் கையில் இருந்ததால்தான் ஆடி மாத மழையில், மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, துணைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். மலையாளத்தில் அது கர்க்கடக மாதம். சிகிச்சைக்கு ஏற்ற காலம் என்று ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது.

என் நோய்க்கு ஆயுர்வேதத்தில் ‘கிருத்ரஸி’ என்று பேர். கிருத்ரம் என்றால் கழுகு. கழுகு தரையில் நடப்பதைப்போல நோயாளி காலை எட்டி எட்டி வைப்பானாம். அன்று மாலை வராந்தாக் கண்ணாடிக் கதவில் என் நடையைப் பார்த்தேன். பேர் வைத்தவர் நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்.

இதை வாத நோய் என்கிறார்கள். வாதம் வறண்டது, குளிர்ந்தது. அதற்கு எண்ணெயும் சூடும் மருந்து. இதை எங்கள் பாட்டியே சொல்வாள். அதனால் போனவுடன் எண்ணெயில் குளிப்பாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் நான்கு நாள் ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தொடவில்லை. கசாயமும், வறுத்த மருந்துப் பொடியைத் துணியில் கட்டி ஒற்றும் பொடிக்கிழியும்தான். ஏன் என்று கேட்டேன். “உங்க அக்னி, அதாவது செரிக்க வைக்கிற நெருப்பு, மந்தமா இருக்கு டீச்சர். செரிக்காம தேங்கினது ஆமம். அதுமேல நெய் கொடுத்தா, ஈர விறகில ஊத்தின மாதிரி புகையும், எரியாது” என்றார். எனக்கு அப்போதுதான் இந்த வைத்தியத்தின் கணக்கு பிடிபட்டது. அவர்கள் தட்டைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் சினேகபானம், அதாவது நெய் குடிப்பது. குக்குலுதிக்தக கிருதம் என்று பேர். வேம்பு, ஆடாதோடை, சீந்தில் எல்லாம் சேர்ந்த நெய். ‘திக்தம்’ என்றால் கசப்பு என்று பேரிலேயே எச்சரித்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு நர்ஸ் எவர்சில்வர் டம்ளரில் சூடாகக் கொண்டுவருவார். பழுப்பும் பச்சையுமாக, மேலே மினுக்கென்று இருக்கும். அக்கா எலுமிச்சம்பழத்தை நறுக்கி என் மூக்கருகே பிடித்துக்கொள்வாள். மூச்சைப் பிடித்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சுக்கு வெந்நீரை உறிஞ்ச வேண்டும். அப்புறம் பசி வரும்வரை வேறெதுவும் கிடையாது. பகல் தூக்கம் கூடாது, குளிர்காற்று கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. ஆசிரியைக்கு இந்த மூன்றாவதுதான் பத்தியத்திலேயே கடினமானது.

முதல் நாள் 30 மில்லி, பத்தரைக்கே பசித்துவிட்டது. இரண்டாம் நாள் 60, பசிக்கப் பன்னிரண்டாயிற்று. மூன்றாம் நாள் 100. மதியம் இரண்டு மணி. ஒவ்வொரு மணி நேரமும் நர்ஸ் தலையை நீட்டி “டீச்சரே, விசந்நோ?”, பசித்ததா, என்பார். ஆமாம் என்று சும்மா சொல்லித் தப்பிக்க முடியாது. ஏப்பம் விடச் சொல்வார். ஏப்பத்தில் நெய்க் கசப்பு இருந்தால் உள்ளே இன்னும் செரிக்கவில்லை. வாசனையில்லாத ஏப்பம் வந்து, உடம்பு இலேசாகி, தாகமும் பசியும் சேர்ந்து வந்தால்தான் கஞ்சி. அடுத்த நாள் அளவை இந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். என் ஏப்பத்தை ஒருவர் நேரம் போட்டு நோட்டில் எழுதிவைப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

நான்காம் நாள் 150. வெளியே பேய்மழை. அக்கா துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து, பதினோரு மணிக்குப் படுத்தவள் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டேன். எழுந்தபோது தலை பாறையாகக் கனத்தது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி ஆகியும் பசி எட்டிப் பார்க்கவில்லை. ஏழு மணிக்குத்தான் வந்தது. மறுநாள் காலை டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், “உறங்கினீங்களா?” என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. அன்று அளவு ஏறவில்லை, மறுபடி 150. அதனால் ஐந்து நாளில் முடிய வேண்டியது ஆறு நாளாயிற்று. கடைசி நாள் 200 மில்லியைக் கண்டதுமே குமட்டியது. முகத்தைத் துடைத்தால் துண்டு பிசுபிசுத்தது. மலமும் எண்ணெய்ப் பசையோடு போனது. “நெய்யைக் கண்டாலே வெறுப்பா இருக்கு டாக்டர்” என்று அழாக்குறையாகச் சொன்னேன். அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. அந்த வெறுப்புதான் போதும் என்பதற்கான அடையாளமாம்.

சேர்ப்பதற்கு முன்பே கொழுப்பு, கல்லீரல் எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை எடுத்திருந்தார்கள். தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, “அதை யார் நிறுத்தச் சொன்னாலும் கேக்காதீங்க” என்றார் டாக்டரம்மா. ஆனால் முன்னறையில் இருந்தவரிடம் மருந்துகளின் பட்டியல் கேட்டபோது, “எல்லாம் பச்சிலைதான் மேடம், எதுக்கு லிஸ்ட்?” என்று கையை விரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பங்களும் ஆயுர்வேதத்தில் உண்டு. உள்ளே போவது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமையில்லையா? இரண்டு நாள் விடாமல் கேட்ட பிறகு டாக்டரம்மாவே எழுதித் தந்தார். உலோகம் எதுவும் இல்லை. பேதிக்கான அவிபத்தி சூரணத்தில் முக்கியச் சரக்கு சிவதை என்பதும் அந்தத் தாளில் இருந்துதான் தெரிந்தது.

நெய் முடிந்து அடுத்த மூன்று நாள் எண்ணெய் தேய்ப்பும் ஆவிப்பெட்டியும். நான்காம் நாள் பேதி. அக்கா சுவரோரம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பதினொன்றில் நின்றது. ஆயுர்வேத மூலநூல் தந்த சரகர் 30 தடவை போனால் உத்தமம் என்கிறாராம். எனக்குப் பதினொன்றே எழுந்து நிற்க முடியாத அளவு. பிறகு மூன்று நாள் முதலில் தெளிந்த கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி என்று குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல அடுப்பை மறுபடி மெல்ல மூட்டினார்கள். அந்தக் கஞ்சியின் ருசி வேறெதிலும் வராது.

கடைசி எட்டு நாள் வஸ்தி. ஆசனவாய் வழியே மருந்து ஏற்றுவது. வாதத்துக்கு வஸ்திதான் பாதி சிகிச்சை என்று நூல்களே சொல்கின்றன. ஐந்து எண்ணெய் வஸ்தி, மூன்று கசாய வஸ்தி. கசாய வஸ்தியைக் கலக்கும் சத்தம் பக்கத்து அறையில் கேட்கும். தேனும் இந்துப்பும் முதலில் உரலில் குழைய வேண்டும், அப்புறம் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு சதகுப்பை விழுது, கடைசியில் கசாயம். வரிசை மாறினால் எண்ணெய் பிரிந்து மிதக்குமாம். வெட்கமெல்லாம் முதல் நாளோடு போய்விட்டது. சிகிச்சை செய்யும் பெண் “சேச்சி, வாய் வழியே மூச்சு விடுங்க” என்பதற்குள் முடிந்துவிடும். இரண்டாவது கசாய வஸ்திக்கு மறுநாள் காலை, கெண்டைக்கால் இழுப்பு இல்லாமல் கட்டிலை விட்டு இறங்கினேன். இறங்கிய பிறகுதான் அது உறைத்தது.

வஸ்தியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இந்த நரம்பு வலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிவதுண்டு. நானும் 25 நாள் நின்று பாடம் நடத்தவில்லை. சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் வீட்டிலும் அடங்கியிருக்கச் சொன்னார்கள், ‘நல்லிருக்கை’ என்று. பன்னிரண்டாம் நாளே பள்ளிக்கூடம் கூப்பிட்டது, போய்விட்டேன்.

இப்போது ஏழு மாதம். முதுகைத் தொட்டுக் காலில் ஓடிய அந்த மின்சார வலி இல்லை. அறுவை நிபுணர் போன வாரம் கால் கட்டை விரலைக் கையால் அழுத்தி எதிர்த்துத் தூக்கச் சொன்னார். பலம் சரியாக இருக்கிறது, திரும்பப் படம் எடுக்கத் தேவையில்லை என்றார். விரல் நுனியில் ஒரு மரமரப்பு மட்டும் போகவில்லை. செருப்பு போடும்போது அந்த விரல் உள்ளே நுழைந்ததா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.