நிற்காத வண்டியும் நாலாவது பெல்ட்டும்

மாமனார் எனக்குக் கொடுத்த தோட்ட டிராக்டருக்கு என்னைவிட வயது அதிகம். கையேடு எப்போதோ தொலைந்துவிட்டது. இருக்கைக்கு அடியில் இருந்த தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த திருகாணிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஸ்டியரிங்கில் விரல் தடிமனுள்ள சணல் கயிறு ஒன்று, வளையமாக முடிச்சிட்டுத் தொங்கியது. தார்ப்பாயைக் கட்ட ஏதாவது கிடைக்குமா என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கயிற்றை இரண்டாக வெட்டிக் கட்டிவிட்டேன்.

இரண்டே மாதத்தில் பெல்ட் அறுந்தது. இஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்கு இழுவையைக் கொண்டுபோகும் ஒரே பெல்ட். எடுத்துப் பார்த்தால் வெயிலில் காய்ந்த வாழைநார் போல இருந்தது. எழுதியிருந்த எண்ணும் போயிருந்தது. பெல்ட்தானே, அளந்தால் தீர்ந்தது என்று டேப்பை எடுத்தேன். அகலம் அரை அங்குலம், வெளிப்புறமாகச் சுற்றி அளந்த நீளம் 49 அங்குலம். அதே அளவில் புதிதாக வாங்கி மாட்டினேன். இஞ்சின் உறுமியது, கப்பி சுற்றியது, வண்டி மட்டும் அசையவில்லை. மரக்குதிரையில் உட்கார்ந்த குழந்தையைப் போல இருந்தேன். பல ஆண்டு இழுபட்ட பெல்ட் நீண்டிருக்கும், அதை அளந்து வாங்குவது தொளதொளத்த பழைய சட்டையைக் காட்டிப் புதுச்சட்டை தைப்பது மாதிரி என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, ஒரு அங்குலம் குறைப்போம் என்று கடைக்குப் போய் "48" என்றேன். ஏ48 கொடுத்தார்கள். அது இன்னும் தொளதொளப்பு! ஏ என்று தொடங்கும் எண் பெல்ட்டின் உள்சுற்றளவைச் சொல்கிறது, வெளிச்சுற்றளவு அதைவிட ஏறத்தாழ இரண்டு அங்குலம் கூடுதல். எனக்கு வேண்டியது 4எல்480. அதில் 4 என்பது அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு அகலம், 480 என்பது 48.0 அங்குல வெளிச்சுற்றளவு. ஆக, ஒரு அங்குலம் குறைக்கப் போனவன் ஒரு அங்குலம் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

மூன்றாவது முறை கணக்கில் பிசகவில்லை. வெளிச்சுற்று 48 என்றால் உள்சுற்று 46. "பிடிப்பு எப்படி இருக்க வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டார். "உடும்புப் பிடி!" என்றேன். ஏஎக்ஸ்46 தந்தார். பக்கங்களில் துணி உறை கிடையாது, ரப்பர் வெளியே தெரியும், உட்புறம் பல் பல்லாக வெட்டியிருக்கும். மாட்டினேன். வண்டி பாய்ந்து கிளம்பியது. துணிக்கொடிக்குப் பத்தடி இருக்கும்போது பெடலை மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை.

வேகம் ஒன்றுமில்லை, மனிதர் நடக்கும் வேகம்தான். அதனால் அவமானம் நிதானமாக நடந்தேறியது. இரண்டு காலாலும் பெடலில் எழுந்து நின்றேன். அதே பெடலோடு சேர்ந்திருந்த பிரேக் முனகியதோடு சரி. என் மனைவி வாசற்படியிலிருந்து, "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் ஈரப் போர்வை ஒன்று முகத்தில் விழுந்தது. உள்ளே இருட்டில் சாவியைத் தடவித் திருப்பி அணைத்தேன்.

விஷயம் இதுதான்: இந்த வண்டியில் தனியாகக் கிளட்ச் என்று ஒன்று இல்லை, பெல்ட்தான் கிளட்ச். பெடலை மிதித்தால் இறுக்கும் உருளை விலகும். பெல்ட் தளர்ந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் கப்பியில் வழுக்கி நிற்க வேண்டும். கப்பியைச் சுற்றி வளைந்து நிற்கும் கம்பிகள் அது துள்ளி விலகாமல் பார்த்துக்கொள்ளும். (அந்தக் கம்பிகளைத் தேவையில்லாதவை என்று நினைத்து ஒருமுறை கழற்றப் பார்த்தேன். துருவின் புண்ணியத்தால் வரவில்லை.) நான் வாங்கி வந்ததோ விடாக்கண்டன். இதற்கு வேண்டியது உள்ளே அராமிட் நாரும் வெளியே ரப்பர் பூசாத உலர்ந்த துணி உறையும் கொண்ட பெல்ட். வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக் 1965இல் கண்டுபிடித்த கெவ்லார் அந்த அராமிட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவசத்தில் இருக்கும் நார், என் போர்வைகளைக் காப்பாற்ற வந்தது. ஆனால் இந்த நார் நீளாது. அளவு தப்பினால் போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க முடியாது.

இந்த முறை பழைய பெல்ட்டை நம்பவில்லை. கப்பிகளைச் சுற்றியே அளப்பது என்று முடிவு செய்தேன். மெல்லிய நூல் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து குறைவான அளவைக் காட்டும். அரை அங்குலத் தடிமனில் கயிறு இருந்தால் பெல்ட் உட்காரும் இடத்திலேயே அதுவும் உட்காரும். அப்படி ஒரு கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமனார் தொலைபேசியில் வந்தார். போர்வைச் செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"எதற்கு இந்தச் சிரமம், மாப்பிள்ளை? சரியான நீளத்துக்கு ஒரு கயிற்றை முடிந்து ஸ்டியரிங்கிலேயே மாட்டிவைத்திருக்கிறேனே, பார்க்கவில்லையா?"

"பார்த்தேன், மாமா" என்றேன். தார்ப்பாயின் இரண்டு மூலைகளிலும் அது பத்திரமாகத்தான் இருந்தது.