நாசிக் குகையில் ஒரு டெபாசிட்

வங்கி வேலையில் நாசிக்குக்கு மாற்றலாகிப் போனபோது, கிளையில் இருந்தவர்கள் முதலில் பார்க்கச் சொன்னது பஞ்சவடியை, அடுத்து பாண்டவ்லேணியை. வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய குகைகள் என்றார்கள். மலையடிவாரத்து ஊர்க்காரரான எங்கள் பியூன், "அவ்வளவு பெரிய பாறையைப் பீமனைத் தவிர யார் குடைய முடியும், சாஹேப்?" என்று கேட்டார்.

நகருக்குத் தெற்கே திரிரஷ்மி மலையில் 24 குகைகள். பெரும்பாலானவை பௌத்த பிட்சுகளுக்காகக் குடையப்பட்டவை. மழைக்காலத்தில் பிட்சுகள் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. அதற்கான அறைகள், கல் திண்ணைகள், தண்ணீர்த் தொட்டிகள்.

10ஆம் குகை, சகர் குல மன்னன் நகபானனின் மருமகன் உஷவதாதன் கொடுத்தது. அங்குள்ள கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது ஒரு டெபாசிட் பத்திரம்! நாசிக் பக்கத்து ஊரான கோவர்தனத்தின் நெசவாளர் சங்கம் ஒன்றில் 2,000 கார்ஷாபணம் (அந்தக் காலத்துக் காசு), மாதம் நூற்றுக்கு ஒரு வட்டி. இன்னொரு சங்கத்தில் 1,000, முக்கால் வட்டி. அசலைத் தொடக்கூடாது. முதல் தொகையின் வட்டியில், மழைக்காலம் தங்கும் 20 பிட்சுகளுக்குத் துணிக்காகத் தலைக்கு 12 காசு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷ வட்டி 240; 20 பேருக்கு 12 வீதம் அதே 240. சல்லிக்காசு பிசகவில்லை. நகரசபையில் அறிவித்து முறைப்படி பதிவும் செய்திருக்கிறார்கள்.

பியூனின் கதையை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. பிட்சுகள் போய்விட்டார்கள், பிராமி எழுத்தைப் படிக்க ஆளில்லை. ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர் அதைப் படித்துக் காட்டியது 1837இல்தான். அதுவரை மலைமேல் காலியாகக் கிடந்த அறைகளில், நாடிழந்த ராஜகுமாரர்களைத் தவிர வேறு யாரைக் குடிவைப்பார்கள்? மதுரைப் பக்கம் சமணர் கற்படுக்கைகளை நாமும் பஞ்ச பாண்டவர் படுக்கை என்றுதானே சொல்கிறோம்.

எனக்கு உறுத்தியது வேறு. அந்தக் கதையில் நெசவாளர்களுக்கு இடமே இல்லை. மன்னனின் மருமகன், என்றென்றைக்குமான ஒரு தர்மத்துக்கு, தறிக்காரர்களை நம்பிப் பணத்தைக் கொடுத்திருக்கிறான். என் தொழிலில் இதைவிடப் பெரிய மதிப்பு கிடையாது.

அப்புறம் ஒரு நாள் பியூனையும் கூட்டிக்கொண்டு போய், 10ஆம் குகை வாசலில் நின்று இந்தக் கணக்கைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டவர், "அந்தப் பணத்தை எதில் போட்டிருப்பார்கள், நூலிலா?" என்றார். சரியான கேள்வி. நூலிலும் தறியிலும்தான் போட்டிருக்க வேண்டும் என்றேன். இரண்டு சங்கமும் சேர்ந்து வருஷத்துக்கு 330 காசு வட்டி கட்டத் துணி விற்றாக வேண்டுமே.