கட்டி இருண்ட நாள்

புற்றுநோய்க்கான மூலக்கூறுப் படிமவியலில் ஆய்வாளராகச் சேர்ந்தபோது, நாள் முழுக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் ஏழு மாதத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

எனக்குக் கிடைத்த வேலை இதுதான். சில புற்றுச்செல்களின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட ஏற்பி, அதாவது தனக்குப் பொருந்தும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம், மண்டிக் கிடக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) ஒன்றில் கேலியம்-68 என்ற கதிரியக்க அணுவைக் கோத்து, கட்டியுள்ள சுண்டெலிக்குச் செலுத்தி, உடலுக்குள் கதிரியக்கம் எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் பெட் ஸ்கேனரில் கட்டி ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேனில் கட்டியின் உருவம் தெரியும். அந்தச் செல்கள் எதை ஏந்தி நிற்கின்றன என்பதைப் பெட் சொல்லும்.

கேலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிடம். கேலியத்தை உண்டாக்கித் தரும் சிறு கருவிக்கு ஜெனரேட்டர் என்று பெயர். அதிலிருந்து எடுப்பதை 'கறப்பது' என்றே சொல்வோம். கறந்து, சூடாக்கிப் பெப்டைடோடு சேர்த்து, சுத்திகரித்து, சோதித்து முடிக்க 40 நிமிடம் ஆனால் மூன்றில் ஒரு பங்கு கதிரியக்கம் போய்விட்டிருக்கும். 370 மெகாபெக்கரல் கதிரியக்கம் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கிறது. எடையில் அது கால் நானோகிராம் கேலியம்தான். கண்ணுக்கே தெரியாத ஒன்றோடு வேலை செய்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆனது.

ஐந்து வாரம் லேபிளிங், அதாவது பெப்டைடில் கேலியத்தைக் கோக்கும் வேலை, சரியாக வரவில்லை. கலவையைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபிப் பட்டையில் ஒரு சொட்டு வைத்து சிட்ரேட் கரைசலில் நிறுத்தினால், பெப்டைடோடு சேர்ந்த கேலியம் வைத்த இடத்திலேயே நிற்கும். சேராதது மேலே ஏறிவிடும். 95 சதவீதமாவது கீழே நிற்க வேண்டும். எனக்கு 60, 65, ஒருநாள் 48. பெப்டைடைச் சந்தேகப்பட்டேன். பஃபரை மாற்றினேன், பி.எச். அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கடைசியில் குற்றவாளி ஊசி. ஜெனரேட்டரிலிருந்து வருவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்த கேலியம். அதை நான் எஃகு ஊசி போட்ட சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அமிலம் ஊசியிலிருந்து இரும்பை அரித்துக்கொண்டு வந்தது. பெப்டைடில் கேலியத்துக்காக வைத்த பிடியில் இரும்பும் அதே ஆசையோடு உட்காரும். குப்பியில் இருந்த பெப்டைடு மொத்தமே 10 நானோமோல். அத்தனை பிடிகளையும் அடைக்க ஒரு மைக்ரோகிராம் இரும்பு தாராளம். பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிய அன்று 97 வந்தது. அந்தப் பட்டையை இன்னும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் இருந்த கதிரியக்கம் மறுநாள் காலைக்குள் ஆயிரத்தில் ஒன்றாகிப் போயிருக்கும், பயமில்லை.

அப்புறம் எலி. சுமார் 20 கிராம் எடையுள்ள உயிர் அது. வாலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் வைத்தால் பக்கவாட்டில் சிரை நீலமாக மேலே வரும். ஊசி உள்ளே சரியாகப் போயிருந்தால் மருந்து தடையில்லாமல் நழுவும். சிரையைத் தவறவிட்டால் வால் வெளுத்து வீங்கும், அன்றைய கணக்கு வீண். ஒவ்வொரு எலிக்கும் நெறிமுறைக் குழுவிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறோம். அதை வீணாக்கிய நாட்களில் எனக்குச் சாப்பிடப் பிடித்ததில்லை.

முதல் படத்தில் கட்டி தோள்பட்டையில் பளிச்சென்று இருந்தது. ஆய்வகமே வந்து பார்த்தது. வழிகாட்டி மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: "பிளாக் பண்ணிப் பார்த்தீங்களா?"

கதிரியக்கம் இல்லாத அதே பெப்டைடை நூறு மடங்குக்கு மேல் சேர்த்துக் கொடுத்தால் ஏற்பிகள் எல்லாம் நிரம்பிவிடும். டிரேசருக்கு, அதாவது கேலியம் கோத்த பெப்டைடுக்கு, இடம் இருக்காது. ஒளி உண்மையிலேயே ஏற்பியிலிருந்து வந்திருந்தால் கட்டி இருள வேண்டும். என் கட்டி இருளவில்லை. மூன்று எலிகளிலும் அப்படியே எரிந்தது. நீரில் அவ்வளவாகக் கரையாத எங்கள் மூலக்கூறு இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு, கட்டியின் ஒழுகும் நாளங்கள் வழியே உள்ளே தேங்கியிருந்தது. அங்கே எந்தப் புரதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒளிர்ந்திருக்கும்.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. படத்தில் ஏற்பி தெரிந்தால், கேலியத்தின் இடத்தில் லுட்டீசியம்-177 என்ற வேறொரு கதிரியக்க அணுவை வைத்து அதே வழியில் சிகிச்சையே கொடுக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோயில் இது ஏற்கனவே நடக்கிறது. பொய்யான ஒளியை நம்பி யாருக்காவது அந்தக் கதிர்வீச்சு போனால், கட்டிக்கு ஒன்றும் ஆகாது, பாதிப்பு மட்டும் உடம்புக்கு.

பெப்டைடையும் கேலியப் பிடியையும் இணைக்கும் பகுதியை நீரில் நன்றாகக் கரையும்படி மாற்ற நான்கு மாதம் ஆனது. புதிய மூலக்கூறில் கட்டி முன்னைவிட மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் பிளாக் கொடுத்த எலியில் தோள்பட்டை முழுக்கக் கறுப்பு. கட்டி கையில் தட்டுப்படுகிறது, படத்தில் இல்லை. திரைக்கு முன்னால் நானும் வழிகாட்டியும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சற்று நேரம் கழித்து அவர், "சரி, இப்ப நம்பலாம்" என்றார்.

சிறுநீரகம் மட்டும் இன்னும் கொழுந்துவிட்டு எரிகிறது. வடிகட்டப்படும் பெப்டைடை அது திரும்ப உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் குறையும் என்பதால் அடுத்த வாரம் நான்கு எலிகளுக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன்.